தண்ணீர் வரும் நேரத்து மாத்திரை

ஐயா ராசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நலம் விசாரிப்பதை இந்தத் தடவை அடுத்த கடிதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் நீ எழுதியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். "மாத்திரையை முழுவதுமாக நிறுத்திய பிறகு செண்பகத்தை அனுப்பிவையுங்கள். காலமெல்லாம் மருந்து தின்கிற பெண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பிலாயில் நான் எப்படிக் குடித்தனம் நடத்துவேன்? அதுவும் மிருகத்திலிருந்து எடுத்த மருந்து என்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒளித்துவைக்கவில்லை. உன் மனைவி அடுக்களையில் ரவை சலித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே போய் நின்று வாசித்துக் காட்டினேன். அவள் சல்லடையைத் தட்டிவிட்டு, "மாத்திரையோடதான் போவேன் அத்தே. அது கூடாதுன்னா நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். அழவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை, மிச்ச ரவையைச் சலிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பக்கம்தான் நான். ஆனாலும் நீ என் பிள்ளை. தெரியாமல் பேசுகிறவனிடம் கோபப்படுவதைவிடத் தெரியவைப்பது நல்லது என்று தோன்றியதால், இன்றைக்குத் துணி ஊறவைத்ததைக்கூட மறந்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த செண்பகம் யார் என்று யோசித்துப் பார். கல்யாணம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து இந்த மாட்டுங்கா வீட்டுக்கு வந்தவளோடு சில மாதங்கள் இருந்தாய். பிறகு உனக்கு பிலாய் இரும்பு ஆலையில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை அவள் எங்களோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாய். அந்தச் சில மாதங்களில் நீ பார்த்தது அவளையே இல்லை, அவள் நோயைத்தான் பார்த்தாய். மே மாதத்தில், இந்த பம்பாய் புழுக்கத்தில், நாமெல்லாம் மேல்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவள் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாகும். கல்யாணத்தில் கணீரென்று பேசிய பெண்ணுக்குக் குரல் கட்டிப்போய் ஆண்குரல் மாதிரி வந்தது. முகம் வீங்கியது, சீப்பு நிறைய முடி வந்தது. சாப்பாடு என்னவோ கோழி கொத்துகிற அளவுதான், உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு மாவுஷி "சுஸ்த் ஹை துமாரி பஹு", உங்கள் மருமகள் சோம்பேறி, என்று சொல்லிச் சிரிப்பாள். நீயும் "தூங்குமூஞ்சிப் பெண்ணைப் பார்த்துக் கட்டிவெச்சிட்டீங்களே" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாய், நினைவிருக்கிறதா? நான் அப்போதே, "இது சோம்பல் இல்லடா, சோம்பேறிக்கு முகம் வீங்காது" என்று சொன்னேன். நீ கேட்கவில்லை. கேட்டாலும் உன்னால் என்ன செய்திருக்க முடியும்? எனக்கே அதற்கு மேல் தெரியாது.

நீ போன பிறகு ஒரு கல்யாணத்துக்காகக் கிளம்பினோம். அவள் அம்மா போட்டனுப்பிய அட்டிகையை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். கொக்கி எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், விரல் போகிற இடைவெளி இருந்தது. கழுத்தின் முன்பக்கம் தடவிப் பார்த்தால் தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ புடைத்திருக்கிறது, எச்சில் விழுங்கும்போது அதுவும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுநாள் அப்பாவைக் கிளப்பி, அவளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்கு முன்னே இரண்டு இடத்தில் ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்திருந்தார்கள். இங்கே ஒரு மராத்திக்கார டாக்டரம்மா, வயதானவர், நாற்காலியில் முட்டிபோட்டு நிற்கச் சொல்லிவிட்டுக் குதிகாலுக்கு மேலே சின்ன சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று உதைத்தது. ஆனால் திரும்பித் தன் இடத்துக்கு வருகிறதே, அது ஆடி அசைந்து, மெதுவாக, மனசே இல்லாமல் வந்தது. டாக்டரம்மா என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வேலை சொன்னால் அவள் எழுந்து வருவதும் இதே வேகத்தில்தான். அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு படுக்கவைத்து, மூக்கைக் கிளிப்பால் மூடி, வாயில் குழாயைக் கொடுத்து மூச்சு விடச் சொல்லிச் சோதித்தார்கள். உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிகிறது என்று அளக்கிற சோதனையாம் அது. அடுப்பு கிட்டத்தட்ட அணைகிற நிலையில் இருந்தது.

கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு முழுவதற்கும் சூடும் சுறுசுறுப்பும் அதிலிருந்துதான் கிடைக்கிறதாம். வெளியிலிருந்து வரும் நோயை எதிர்க்க உடம்புக்குள் ஒரு காவல் உண்டு அல்லவா, அந்தக் காவலே திரும்பி இந்தச் சுரப்பியைத் தாக்கி அழிக்கிறது என்றார் டாக்டரம்மா. எனக்குப் புரியவில்லை என்பதைக் கண்டுகொண்டு, "மா ஜி, பில்டிங்க் கா வாச்மேன் பாகல் ஹோ கயா. சோர் கோ நஹி, கர்வாலே கோ மார்தா ஹை" என்றார். வாச்மேனுக்குப் பைத்தியம் பிடித்து, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனையே அடிக்கிறானாம். அது யார் செய்த குற்றமும் இல்லை, ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை, போனால் வருகிற சுரப்பியும் இல்லை. அது கொடுக்க வேண்டியதை வெளியிலிருந்து நாம் கொடுத்தால் போதும். மிருகங்களின் அதே சுரப்பியை எடுத்துக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரை. "வெஜிடேரியன் ஹை நா? சலேகா?", சைவம்தானே, பரவாயில்லையா, என்று நேராகவே கேட்டார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். நம் வீட்டில் முட்டை ஓடுகூடப் படி ஏறியதில்லை. அப்போது அந்தக் கட்டைக் குரலில் செண்பகம் சொன்னாள், "தாங்க. திங்கேன்." அவ்வளவுதான். மிருகம் கலக்காத மாத்திரையும் வந்துவிட்டதாம், ஆனால் நம் கைக்கு இன்னும் எட்டவில்லை. எட்டும்போது மாற்றிக்கொள்வோம்.

கால் மாத்திரையில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்திருந்தபோது, "அத்தே, என்ன இப்படிப் புழுங்குது, ஃபேனைப் போடட்டுமா?" என்று ஒரு குரல். நான் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தேன். அவள் நெற்றியில் வியர்வை. ஐயா, ஒரு பெண்ணுக்கு வியர்த்ததைப் பார்த்து எந்த மாமியாராவது கண்கலங்கியிருக்கிறாளா? நான் கலங்கினேன். அதன் பிறகு வீங்கியிருந்த முகம் வடிந்து அதற்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். என்ன பேச்சு, என்ன வேகம்! கிங்ஸ் சர்க்கிளில் காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசி, அவன் கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்குக் கொண்டுவந்து விடுகிறாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டே ஏதாவது தப்பாகச் சொன்னால் அடுக்களையிலிருந்தே திருத்துகிறாள். அவருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை, வெளியே மட்டும் "இந்த வீட்டில் பேப்பர்கூட நிம்மதியாகப் படிக்க முடியவில்லை" என்கிறார்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. போன வருஷம் ஐப்பசியில் அவள் கந்த சஷ்டி விரதம் இருந்தாள். எதற்காக என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, குழந்தைக்காக இருக்கிற விரதம் அது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். முருகன் விரதத்தில் மிருகத்தின் சதையை விழுங்குவதாவது என்று அந்த ஆறு நாளும் மாத்திரையை விட்டுவிட்டாள். என்னிடம் கேட்டாள், எனக்கும் சரியென்றுதான் பட்டது. சைவ வீட்டில் வேறு எப்படிப் படும்? ஆறு நாளில் ஒரு குறையும் தெரியவில்லை. முகத்தில் தெளிவு, நடையில் வேகம், எல்லாம் அப்படியே இருந்தது. சூரசம்ஹாரம் முடிந்து பாரணை செய்த அன்று, "அத்தே, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேன். முருகன் குணமாக்கிட்டான்" என்றாள். பில்டிங் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மாத்திரை புட்டி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

இந்த நோயின் தந்திரமே அதுதான் ராசா. தின்ற மாத்திரை உடம்பில் பல நாள் தங்கி வேலை செய்யும். விட்டால் உடனே தெரியாது. கார்த்திகை போயிற்று, மார்கழி வந்தது. குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டாள். மார்கழியில் யார்தான் போர்த்தவில்லை? கண்ணைச் சொக்குகிறது என்றாள். விடியுமுன் எழுந்து கோலம் போடுகிறவளுக்குச் சொக்காதா என்று விட்டோம். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரிவதில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் நான் மாவுஷி வீட்டிலிருந்து வந்தபோது, முறத்தில் அரிசி கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சரிந்து கிடந்தாள். உலுக்கினேன், எழவில்லை. கையைத் தொட்டேன், ஈரத்துணியைத் தொட்டது போல் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நான் போட்ட சத்தத்தில் மாவுஷி ஓடி வந்தாள். "சுஸ்த்" என்று சிரித்த அதே மாவுஷிதான் தெருவில் செருப்பில்லாமல் ஓடி டாக்சி பிடித்தாள், வழியெல்லாம் செண்பகத்தின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உனக்கு அப்போது "செண்பகத்துக்குக் காய்ச்சல்" என்றுதான் அப்பா எழுதினார். அது காய்ச்சல் இல்லை. நீ நிறுத்தச் சொல்கிறாயே, அதை நிறுத்தினால் வருவது அதுதான்.

செண்பகம் கண் விழித்த பிறகு டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று இருவரும் தலைகுனிந்திருந்தோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யே தவாயி நஹி, பேட்டி. யே கானா ஹை" என்று மட்டும் சொன்னார். இது மருந்தில்லை மகளே, சாப்பாடு என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். "சாப்பாட்டைத்தானே விரதத்துல விடுதோம்?" என்று அவளிடமே கேட்டேன். அவள் யோசித்து வைத்திருந்தாள். "சோத்தை விடலாம் அத்தே. ரத்தத்துல ஓடுததை விடச் சொல்லி முருகன் எப்பக் கேட்டான்? நான்தான் கேக்காததையெல்லாம் குடுத்தேன்" என்றாள். இருபத்தைந்து வயதாகாத பெண். எனக்கு இத்தனை வருஷத்து விரதத்தில் அந்த எண்ணம் வந்ததில்லை. இந்த வருஷமும் சஷ்டி இருந்தாள். ஆறு நாளும் பாலும் பழமும், ஆறு நாளும் மாத்திரையும்.

எப்படி நடத்துகிறாள் என்பதையும் கேட்டுக்கொள், அங்கே வந்தாலும் அப்படித்தான் நடக்கும். நம் குழாயில் விடியற்காலையில் தண்ணீர் வரும்போது முதலில் காற்றுதான் உறுமும், உனக்கே தெரியும். பாத்திரம் வைக்க எப்படியும் எழுந்தாக வேண்டும். அந்த உறுமலைக் கேட்டதும் மாத்திரையைப் போட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிடுகிறாள். பிறகுதான் தண்ணீர் பிடிப்பது, குளிப்பது, விளக்கேற்றுவது, எல்லாவற்றுக்கும் பின்னால் காப்பி. "குளிக்கதுக்கு முன்னால முழுங்கிட்டா மிருகமோ மனுசனோ எல்லாம் குளியலோட போச்சு. பிறகு சாமிகிட்டப் போக எனக்கும் கூச்சமில்ல, சாமிக்கும் கூச்சமில்ல" என்பாள். ஏகாதசிக்கும் அமாவாசைக்கும் முனிசிபாலிட்டி தண்ணீரை நிறுத்துவதில்லை, அதனால் மாத்திரையும் நிற்பதில்லை. வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாக உடம்பில் சேர்கிறது என்று டாக்டரம்மாவும் இந்த ஏற்பாட்டைக் கேட்டு மெச்சினார்.

அவளுக்கு இப்போது கண்ணும் அப்படித் தேர்ந்துவிட்டது. வாசலுக்குப் பூ கொண்டுவருகிற வள்ளியம்மையை உனக்குத் தெரியும், தாராவியிலிருந்து வருகிறவள், நம் பக்கத்து ஊர்க்காரி. கொஞ்ச நாளாக அவள் வருவதே தாமதம், முகமெல்லாம் உப்பல். புருஷன் குடிகாரி என்று பட்டம் கட்டி அடிக்கிறானாம். செண்பகம் ஒரு நாள் அவளை உட்காரவைத்து, "ஏக்கா, உனக்குக் குளிருதா?" என்று கேட்டாள். வள்ளியம்மை கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடிட்டி கண்டுபிடிச்ச? யாருட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாவ" என்றாள், கட்டைக் குரலில். அவ்வளவுதான், மறுநாளே செண்பகம் தானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதே நாற்காலி, அதே சுத்தியல், அதே மாதிரி மெதுவாகத் திரும்புகிற பாதம். அதோடு விட்டாளா? தாராவிக்குப் போய் அந்தப் புருஷனை வீட்டுக்கு வெளியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, அவ குடிக்கல. அவளுக்கு நோவு. இனிமே கை வச்சீங்கன்னா நான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தோல் பதனிடுகிற ஆள், நம் வீட்டுக் கதவளவு இருப்பான். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றானாம். இப்போது வள்ளியம்மை நேரத்துக்கு வருகிறாள், பூவைவிட அதிகமாகக் கதை கொண்டுவருகிறாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அடுத்த வாரம் அப்பா அவளை பிலாய்க்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். மாத்திரையோடுதான் வருகிறாள். அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ, ஒரு புட்டி தீருமுன் அடுத்த புட்டி வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உன் வேலை. கிடைக்காவிட்டால் எனக்கு எழுது, அனுப்புகிறேன். நன்றாகத்தானே இருக்கிறாய், இனி எதற்கு என்று ஒருபோதும் கேட்காதே. அவள் நன்றாக இருப்பதே அதனால்தான். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். குளிர்கிறது, குரல் கட்டுகிறது, தூக்கம் விடவில்லை என்றால் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். நாள் தள்ளிப்போனால் முதல் காரியமாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆம், குழந்தை பிறக்கும் என்கிறார் டாக்டரம்மா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால். மாத்திரை சாப்பிட்டாலும் சில நாள் அவள் அசந்துபோவாள். அன்றைக்குச் சாதத்தை நீ வடி. அப்புறம், அவள் பேசாமல் இருந்தால் எல்லாமே நோய் என்று நினைத்துக்கொண்டு சுத்தியலைத் தேடாதே, உன்மேல் கோபமாகவும் இருக்கலாம்.

மருந்து, மிருகம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே தவிர, உனக்கு உண்மையில் உறுத்துவது அது இல்லை என்று எனக்குத் தெரியும். கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாயே, "நான் பிலாய்க்குக் கிளம்பிய அன்று தாதர் ஸ்டேஷனில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று. அதை மட்டும் நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்கிறேன், கேள். மெயில் தாதரில் நிற்பதே கொஞ்ச நேரம். நீ ஜன்னலுக்குள்ளிருந்து, "போயிட்டு வரட்டுமா?" என்று அவளைக் கேட்டாய். அவள் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்தது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானும் பார்த்தேன். கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டி, கூட்டமெல்லாம் கலைந்து, நான் அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பியபோது அவள் வாய் திறந்தது. வெறும் தண்டவாளத்தைப் பார்த்து, அந்தக் கட்டின குரலில், "சரி, பத்திரமாப் போயிட்டு வாங்க. எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா" என்றாள். நீ கேட்டபோதே கிளம்பிய பதில்தான் ஐயா அது. அந்த உடம்புக்குள்ளிருந்து வெளியே வர அவ்வளவு நேரம் ஆயிற்று.

இப்போது அப்படி இல்லை. நீ கேட்டு முடிக்குமுன்னே பதில் வந்துவிடும். ஸ்டேஷனுக்கு வா, கேட்டுப் பார்.

உன் அம்மா